பொலிக்குதிரை இருக்கட்டும், பெட்டை எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரைப் பக்கம் குதிரையேற்ற விளையாட்டுக்கென்றே கலப்பினக் குதிரை வளர்க்க இறங்கியிருக்கும் இளைஞர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கட்டுரை முழுக்க, இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரையான பொலிக்குதிரையின் புராணம்தான். அதன் உயரம், நிறம், எந்த ரேஸ் வம்சம், என்ன விலை என்று எல்லாம் இருந்தது. பெட்டைகளுக்குக் கிடைத்தது, 'நாட்டுப் பெட்டைகளோடு சேர்த்து' என்ற ஒரே வரி. இந்தப் பக்கத்திலேயே கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசர் வருடத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், வருடக் கடைசியில் நூறுகூடத் தேறுவதில்லை என்று எழுதி வைத்தார். கணக்கில் மிகை இருக்கலாம். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம்: நல்ல ஜாதிக் குதிரையை நல்ல ஜாதிப் பெட்டையோடு சேர்த்தாலும் இந்த ஊரில் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது, ஏறிப்போக உதவாது. குதிரைக்குச் சோறும் வேகவைத்த கறியும் போடுகிறார்கள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் தீனியின் மேல்தான் விழும்.

இன்றைக்கும் அப்படித்தான். சினைப் பெட்டைக்குத் தவிடும் கொள்ளும் வைக்கோலும் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அதையே தொடர்ந்து தின்றால், பெட்டை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும். முற்றிப்போனால் மூக்குக்கு மேலே இரண்டு பக்கமும் எலும்பு புடைத்து, முகமே அகன்றுவிடும். தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த குட்டியை, ரேஸ் குதிரைக்குப் பிறந்தது என்று சொல்லி என்னிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார்கள். கழுத்தும் தலையும் அப்பன் மாதிரியேதான் இருக்கும். முன்னங்கால் முட்டிகள் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். குளம்புக்கு மேலே உள்ள மூட்டில் கோணல் என்றால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் குளம்பைச் சீவித் திருத்தினால் உண்டு. நம் ஆட்கள் குட்டிக்கு ஒரு வயதான பிறகு கூட்டி வருவார்கள்.

அடுத்தது உயரம். பெரிய பொலிக்குதிரையைப் போட்டால் குட்டி உயரமாக வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இங்கிலாந்தில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் 1938இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஷயர் என்கிற மாபெரும் வண்டிக்குதிரையையும், இடுப்பளவு உயரமே இருக்கும் ஷெட்லாண்ட் மட்டக்குதிரையையும் சினை ஊசி மூலம் இரண்டு வழியிலும் கலந்து பார்த்தார்கள். கலப்பு ஒன்றேதான். ஆனால் ஷயர் பெட்டைக்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் பெட்டைக்குப் பிறந்ததைப் போல பிறந்தபோது ஏறக்குறைய மூன்று மடங்கு எடை இருந்தது. தாயின் கருப்பையில் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் குட்டி.

அப்புறம், இந்தக் கலப்பு வித்தையில் பேர் போன ஜெர்மனியைப் பாருங்கள். ஹானோவர் குதிரைக்காக செல்லே என்ற ஊரில் 1735இல் அரசுப் பண்ணை வைத்தார்கள். ஏருக்கும் வண்டிக்கும் படைக்கும் பயன்பட்ட அந்தக் குதிரையில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தரோபிரெட் என்ற ரேஸ் இனத்தின் ரத்தத்தையும் டிராக்கேனர் என்ற இன்னொரு ஜெர்மன் சவாரி இனத்தின் ரத்தத்தையும் சேர்த்து விளையாட்டுக் குதிரையாக மாற்றினார்கள். பக்கத்து ஹோல்ஸ்டைன் சீமையில் பெட்டை வம்சங்களுக்கு எண் கொடுத்து, எந்தக் குட்டி எந்த வழியில் வந்தது என்று இன்றுவரை பதிவு வைத்திருக்கிறார்கள். பொலிக்குதிரை மட்டுமல்ல, பெட்டையும் அங்கே சோதனைக்கு நிற்கிறது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் அணி டிரெஸ்ஸாஜில், அதாவது ஏறியவர் சொல்படி குதிரை நளினமாக அடியெடுத்து நடக்கும் போட்டியில், தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம். ஏறியவர்கள் நம் பிள்ளைகள், குதிரைகள் ஐரோப்பாவிலிருந்து.

நம் பக்கத்துக் கலப்புக் குதிரைகளுக்கு அப்படிப் பதிவு வைத்து நான் பார்த்ததில்லை. முதல் கலப்பில் பிறக்கும் குட்டி எடுப்பாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. அந்தக் கலப்புகளையே ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் அடுத்த தலைமுறையில் ஒன்று தாய்வழிப் பாட்டி மாதிரி, ஒன்று அப்பன்வழித் தாத்தா மாதிரி சிதறிப்போகும். திருவாதவூருக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியமில்லை. நரியைப் பரியாக்கிய சொக்கநாதர் விஷயத்திலேயே ராத்திரியோடு ராத்திரியாகப் பரியெல்லாம் திரும்ப நரியாகிவிட்டது!

சினைக்காலம் பதினோரு மாதம். பிறந்த குட்டி மேல் ஆள் ஏறித் தாண்ட வைத்து, தேறுமா தேறாதா என்று பார்க்க இன்னும் நாலு வருடமாவது வேண்டும். பெட்டையைத் தப்பாகத் தேர்ந்தால் அது தெரியவே ஐந்து வருடம் போய்விடும். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவார் என்ற வடநாட்டு இனப் பெட்டைகள் எத்தனையோ வருகின்றன. கால்நடைப் பராமரிப்புத் துறை அங்கே ஒரு மேசை போட்டு, பெட்டையின் உயரம், கால், குளம்பு, ஈன்ற குட்டிகள் என்று எழுத ஆரம்பித்தாலே பெரிய காரியம்.

அதுவரை, அடுத்த முறை உங்கள் நிருபர் அந்தப் பண்ணைக்குப் போனால் பெட்டைக்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈத்து, முந்திய குட்டிகளின் கால்கள் எப்படி, தவிடு எவ்வளவு போடுகிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். சுழி சுத்தமா என்று மட்டும் கேட்க வேண்டாம். அதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.