பிரஷ் கழுவும் அரை மணி நேரம்

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் சார், அப்புறம் நான்கு பிளாக்கிலும் இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு முன்னால் உங்கள் வீடுகளில் பெயிண்ட் அடிக்க வருகிறவர்களில் நானும் ஒருவன். 26 வருஷமாக இதுதான் தொழில். லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தேன். பெயிண்டர்கள் பொதுக் குழாயில் பிரஷ், ரோலர் கழுவக் கூடாது. மாலை 6 மணிக்குள் வெளியே போய்விட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் கோபம் நியாயம். பின்பக்க வாய்க்காலில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து ஓடியதை நானும் பார்த்தேன். அந்த வாய்க்கால் மழைநீர் சேகரிப்புக் குழியில் போய் முடிகிறது. 2003-இல் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு கட்ட வைத்த குழி அது. அதில் இறங்குவது நிலத்துக்குள் போகிறது, அந்த நிலத்திலிருந்துதான் நம் போர்வெல் இழுக்கிறது. அன்றைக்குக் கழுவியது என் ஆட்கள் இல்லை. ஆனால் வேறு இடங்களில் நானும் அப்படிக் கழுவியிருக்கிறேன், மறைக்கவில்லை.

இருந்தாலும் கழுவாதே என்று சொன்னால் பிரஷ் என்ன ஆகும்?

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்தான். தண்ணீர் ஆவியானதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும். அதன் பிறகு தண்ணீர் ஊற்றினால் கரையாது. ஈரத் துணியால் துடைத்தாலும் சுவரில் நிறம் போகக் கூடாது என்றுதானே கூடுதல் காசு கொடுத்து அதை வாங்குகிறீர்கள்? அதே குணம் பிரஷிலும் வேலை செய்யும். இரவு கழுவாமல் விட்டால் காலையில் கையில் இருப்பது கட்டை. என் அப்பா சுண்ணாம்பு அடித்த காலத்தில் தாழை விழுதின் நுனியைத் தட்டி நாராக்கி மட்டை செய்துகொள்வார். பொங்கல் முடிந்ததும் தூக்கிப் போட்டாலும் நஷ்டம் இல்லை. இன்றைக்கு நல்ல 4 இஞ்ச் பிரஷ் சில நூறு ரூபாய், அதுவும் என் பையிலிருந்து.

வாய்க்கால் வெளுத்ததற்குக் காரணம் குழாய் இல்லை, நேரம். ஐந்தரைக்கு நான் பிரஷைக் கீழே வைத்தால் "அதுக்குள்ளயா?" என்று கேட்கிறீர்கள். கழுவுவது உங்கள் கணக்கில் வேலையில் சேருவதில்லை. அதனால் ஆட்கள் ஆறு வரை அடிக்கிறார்கள். வாட்ச்மேன் கேட்டைத் தட்டுகிறார். இருட்டில் பக்கத்தில் எந்தக் குழாய் இருக்கிறதோ அதைத் திறந்து, பெயிண்ட் சொட்டச் சொட்ட ரோலரை அதன் அடியில் நீட்டுகிறார்கள். பாதி டம்ளர் பெயிண்டாவது அதில் போகும். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெயிண்ட்.

நேரம் கொடுத்தால் நடப்பது வேறு. முதலில் பட்டித் தகட்டால் ரோலரை மேலிருந்து கீழாக வழித்து டப்பாவிலேயே விடுவோம். பிரஷையும் டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, பழைய பேப்பரில் ஒற்றி எடுப்போம். அப்புறம்தான் தண்ணீர், அதுவும் குழாயடியில் இல்லை, இரண்டு வாளியில். முதல் வாளியில் சோப்பு போட்டுக் கசக்குவது, இரண்டாவதில் அலசுவது. முதல் வாளியை மூடி வைத்தால் கனமானது மெல்ல அடியில் இறங்கும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீர் மறுநாள் முதல் கழுவலுக்கு ஆகும். எல்லா வேலையும் முடிந்த பிறகு அந்தத் தண்ணீரை கழிப்பறையில் ஊற்றலாம், மழைநீர் வாய்க்காலில் கூடாது. அடியில் தங்கிய சேற்றை மணலோடு கலந்து வெயிலில் காயவிட்டால் கட்டியாகிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது கழுவவே வேண்டாம். ரோலரைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் போதும்.

கிரில், கதவுக்கு அடிக்கும் எனாமல் வேறு கதை. அதற்கு டர்பெண்டைன் வேண்டும், அது எந்த வாய்க்காலுக்கும் போகக் கூடாது. நான் பழைய ஊறுகாய் பாட்டிலில் வைத்திருப்பேன். கழுவியதும் மூடி வைத்தால் கலர் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை வடித்து மறுபடி கழுவலாம். மிஞ்சும் கசடையும் காலி டப்பாக்களையும் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே பெயிண்ட் டப்பாவை பழைய பேட்டரி, டியூப் லைட்டோடு சேர்த்து வீட்டு அபாயக் கழிவு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று: கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மீட்டர் ரூமில் போடுகிற பழக்கத்தை எந்த ஆளிடம் பார்த்தாலும் திட்டுங்கள். குவிந்து கிடந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட வேண்டும்.

வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. பூந்தொட்டிக்கு அடித்துவிட்டு பிரஷைத் தலைகீழாக டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்து, ஆறு மாதம் கழித்து என்னிடம் கொண்டுவந்து "இதைச் சரி பண்ணிக் கொடுப்பா" என்கிறீர்கள். முடி வளைந்திருக்கும், தகரப் பட்டை துருப்பிடித்திருக்கும். நுனியில் காய்ந்ததை வெந்நீரும் சோப்பும் கொஞ்சம் இளக்கும். பட்டைக்குள் போய்க் காய்ந்தது வரவே வராது. கழுவியதும் பழைய சீப்பால் வாரி, கைப்பிடி ஓட்டையில் கயிறு கோத்து, முடி கீழே தொங்க மாட்டி வையுங்கள். கைப்பிடியைத் தண்ணீரில் ஊற விடாதீர்கள்.

நான் கேட்பது இரண்டு. ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால், வாளிக்குப் பதில் கழுவ இரண்டு டிரம் வைக்க இடம். ஐந்தரையிலிருந்து ஆறு வரை கழுவும் நேரத்தையும் வேலை நேரமாக எடுத்துக்கொண்டு, அறிவிப்பில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பது. டிரம் நானே கொண்டுவருகிறேன், கசடையும் நானே அள்ளுகிறேன். திங்கட்கிழமை சி பிளாக் மாடிப்படி கிரில்லில் ஆரம்பிக்கிறோம். சனிக்கிழமைக்குள் சொன்னால் டிரம்மை ஞாயிறன்றே வண்டியில் ஏற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
சி பிளாக் பெயிண்டர்