ரபாபை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே

என் மகனே,

கடிதத்தை உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஈரானில் மஷ்ஹத் போனதும் தபாலில் போட்டுவிடுவார். தாலிபான்கள் இசையைத் தடை செய்ததிலிருந்து, ரபாப் என்று நம் தந்தி வாத்தியத்தின் பெயரைப் போனில் சொல்லக்கூடக் காபூலில் பயமாக இருக்கிறது.

ஹாம்பர்க்கில் குளிர் ஆரம்பித்திருக்கும். ரபாபை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. ஆட்டுத்தோல் இறுகிக் கிழிந்துவிடும், மல்பெரி மரமும் விரிசல் விடும்.

நீ பேசி நாற்பது நாள் ஆகிறது. வேலை இருக்கும், சரி. ஒத்திகை வீடியோவைத் தங்கை காட்டினாள். கதவைத் தாழிட்டு, ஆளுக்கு ஒரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டு கேட்டோம். அந்த ஹெராத்துப் பாட்டு ஏழு தட்டு. டிரம்ஸ் வாசிக்கும் ஜெர்மன் பையன் முதலில் தடுமாறினான். நீ வலது காலால் மூன்று, இரண்டு, இரண்டு என்று தட்டிக் காட்டியதும் பிடித்துக்கொண்டான். அந்தக் காலை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இசைக்காரர்கள் வாழ்ந்த கராபாத் தெருவில் உன் தாத்தா அப்படித்தான் குதிகாலை ஊன்றி முன்பாதத்தால் தட்டுவார். நீ அவரைப் பார்த்ததே இல்லை.

ஆனால் கிட்டார் சத்தம் அதிகம். ரபாபின் அடித்தந்திகள் தானாக அதிர்ந்து எழுப்பும் கார்வை கேட்கவே இல்லை. அதுதானே அதன் உயிர்? கிட்டார் வாசிப்பவரை இரண்டு வரிக்குச் சும்மா இருக்கச் சொல். 2008-ல் காபூல் ட்ரீம்ஸ் பையன்கள் இங்கே ராக் வாசிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பாட்டு வந்தாலே தலைவலி என்று அணைத்தவன் நான். இப்போது கல்யாணத்தில்கூடப் பாட்டு இல்லை. எந்தச் சத்தமானாலும் கேட்டால் போதும் என்றிருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து விமானத்தில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். தண்டனை பெற்றவர்களைத்தான் அனுப்பினார்களாம். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உனக்கு ஏதாவது கடிதம் வந்தால் சரியாகப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறதா? சாப்பிடு, இளைத்திருக்கிறாய். ரபாபைத் துணியில் சுற்றி வை, ஹீட்டர் பக்கம் வேண்டாம்.

இன்னொன்று. 2015-ல் இசைப் பள்ளித் தேர்வில் நீ தோற்கவில்லை. பட்டியலில் உன் பெயர் மூன்றாவதாக இருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் பிரெஞ்சு கலாச்சார மையத்தில், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்த நிகழ்ச்சியில், குண்டு வெடித்திருந்தது. எனக்குப் பயம். வீட்டுக்கு வந்து, கிடைக்கவில்லை என்றேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அம்மா கொண்டுவந்த ரொட்டியைத் தொடவில்லை.

2021 டிசம்பரில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் விமானமேறிப் போர்ச்சுகல் போனார்கள். நீயும் அதில் இருந்திருப்பாய். இரண்டு வருஷம் மலையும் முள்வேலியுமாக நடந்திருக்க வேண்டாம். அங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதத்துக்காக இப்படிக் காத்திருக்கவும் வேண்டாம். உன் வலது கை மீட்டலில் இன்னும் பிசிறு இருக்கிறது என்று போன தடவை குறை சொன்னேனே, அது நீ தாமதமாகக் கற்றதால் வந்தது. தாமதமாக்கியது நான்.

அம்மாவுக்கு இது தெரியாது. என்னைத் திட்டவாவது போன் செய். பதினொரு மணிக்கு மேல் செய், அவள் தூங்கியிருப்பாள். நான் விழித்திருப்பேன்.

உன் அப்பா