நாலு வருஷமா, ரெண்டு வருஷமா?

அன்புள்ள மகளுக்கு,

எலக்ட்ரீஷியன் வேலை பழக ரெண்டு முதலாளிகள் கூப்பிட்டிருப்பதாக நீ எழுதிய கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் போட்டிருந்தால், "முதல் ஆளிடமே போய்ச் சேர்ந்துவிடு" என்று எழுதியிருப்பேன். சம்பளம் அதிகம், ரெண்டே வருஷத்தில் முடிகிறது, 36 வயதில் வேறென்ன வேண்டும்? அப்புறம்தான் அவரிடம் என்ன வேலை என்று நீ எழுதியிருந்ததைத் திரும்பப் படித்தேன். புதுக் கட்டடம், ஒரே அச்சில் வீடுகள், பைப்பில் கேபிள் இழுப்பது, சுவிட்ச் பாக்ஸ் பொருத்துவது. அங்கேயே யோசனை நின்றுவிட்டது. இரண்டாவது ஆளோ நாலு வருஷம் கேட்கிறார், பள்ளிக்கூடம் முடித்து வரும் பையனுக்குக் கொடுப்பதைத்தான் உனக்கும் கொடுப்பேன் என்கிறார். ஆனால் பழைய கட்டடம், மோட்டார், பேனல், ரிப்பேர் எல்லாம் அவர் கையில் இருக்கிறது. எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய்.

நானும் இந்தத் தொழிலுக்கு 31 வயதில் வந்தவன். அப்போது உனக்கு மூன்று வயசு. என்னோடு அதே நாளில் வேலை பழகும் அப்ரண்டிஸாகச் சேர்ந்த பையனுக்கு 17. ரெண்டு பேருக்கும் ஒரே தொகை. அவன் அதில் சட்டை வாங்கினான், நான் வாடகை கட்டினேன். மிச்சத்தை உன் அம்மா எப்படிச் சமாளித்தாள் என்பதை அவளிடமே கேட்டுக்கொள், எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது.

தொகை குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது வருஷ முடிவில் ஒரு வீட்டின் வயரிங்கை நான் தனியாகவே முடித்துவிடுவேன். மேற்பார்வைக்கு வருகிறவர் டிபி போர்டை, அதாவது வீட்டுக்குள் கரண்ட் பிரிகிற பெட்டியை, திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டுப் போவார். வேலைக்கூலி முழுசாக எழுதித்தான் வாடிக்கையாளருக்குப் பில் போகும். எனக்கு மட்டும் அப்ரண்டிஸ் காசு. கேட்டால், "இன்னும் ஒரு வருஷம் போகட்டும், உனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை" என்பார் முதலாளி. அந்த ஒரு வருஷத்தில் புதிதாக எதையாவது கற்றுக்கொடுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஏணி தூக்கினேன், சுவர் வெட்டினேன், தெரிந்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்தேன். அந்த வருஷம் யாருடைய லாபத்துக்காக நீண்டது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆகவில்லை.

குறைந்த சம்பளமும் நீண்ட பயிற்சியும் தனித்தனி விஷயம் என்று நீ எழுதியிருக்கிறாய். இல்லையம்மா, ரெண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். வேலை தெரிந்த ஆளை அரைச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால், பயிற்சியைச் சீக்கிரம் முடித்துவைக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்?

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தில் 1563-ல் ஒரு சட்டம் போட்டார்கள். எந்தக் கைத்தொழிலுக்கும் குறைந்தது ஏழு வருஷம் பயிற்சி, நகரங்களில் அது 24 வயதுக்கு முன்னால் முடியவும் கூடாது. அந்தக் காலத்தில் அப்ரண்டிஸ் பையன் எஜமான் வீட்டிலேயே தங்குவான், சாப்பாடும் துணியும் அவர் பொறுப்பு, அதனால் சம்பளம் என்று தனியாக வேண்டியதில்லை. 1776-லேயே பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இந்த நீண்ட பயிற்சி தேவையே இல்லை என்று வாதாடினார். செய்கிற கொஞ்ச வேலைக்கு முதலிலிருந்தே கூலி கொடு, அவன் பாழாக்கும் பொருளுக்குக் காசைப் பிடித்துக்கொள், அதுவே அவனுக்குக் கவனத்தைச் சொல்லித்தரும் என்பது அவர் கட்சி. அந்தச் சட்டத்தின் பயிற்சிப் பகுதி 1814-ல்தான் போனது. தங்க இடமும் சாப்பாடும் எப்போதோ போய்விட்டன, சின்னச் சம்பளம் மட்டும் தங்கிவிட்டது. வீட்டில் அப்பா அம்மா சோறு போடுகிற பையனுக்கு அது போதும். ரெண்டு குழந்தைகளை வைத்திருக்கிற உனக்கு எப்படிப் போதும்?

இன்றைக்கும் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. ஜெர்மனியில் எலக்ட்ரீஷியனுக்கு மூன்றரை வருஷம். அமெரிக்காவில் வழக்கமாக நாலிலிருந்து ஐந்து வருஷம், நாலு வருஷப் பயிற்சி என்றால் கைவேலை மட்டுமே ஏறக்குறைய 8,000 மணி நேரம். இந்தியாவில் ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருஷம். செப்புக் கம்பியில் ஓடும் கரண்ட் எல்லா இடத்திலும் ஒன்றுதான், வருஷக் கணக்கு மட்டும் மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டது. பேசி வைத்ததை மறுபடி பேசலாம். சம்பளத்திலும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 21 வயதிலோ அதற்கு மேலோ சேருகிறவரை வயது வந்த அப்ரண்டிஸ் என்று தனியாகக் கணக்கெடுத்துக் கூடுதல் சம்பளம் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 19 வயது நிறைந்தவருக்கு முதல் வருஷம் முடிந்துவிட்டால், அப்புறம் அப்ரண்டிஸ் சம்பளம் கிடையாது, அவர் வயதுக்கு உரிய குறைந்தபட்சக் கூலியாவது கொடுத்தே ஆக வேண்டும்.

நீ கையில் வைத்துக்கொண்டு பேச உதவும் ஒன்று இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023 ஜூனில் தொழில் பழகுநர் பயிற்சி பற்றி ஒரு பரிந்துரை நிறைவேற்றியது, 208-வது பரிந்துரை. பழகுநருக்குப் போதுமான ஊதியம் கிடைக்க வேண்டும், திறமை கூடக்கூட அந்த ஊதியம் படிப்படியாக உயரலாம், ஏற்கெனவே தெரிந்ததையும் பயிற்சியில் அடைந்த முன்னேற்றத்தையும் வைத்துக் காலத்தைக் குறைக்கலாம் என்கிறது. பரிந்துரைதான், அதைக் காட்டி யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆனால் நீ கேட்பது உன் சொந்த ஆசை இல்லை என்பதற்கு அது போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு, ரெண்டு வருஷக்காரரிடம் போகாதே என்றும் சொல்கிறேன். ஏன் என்று கேட்பாய்.

புதிதாக எதையும் கற்றுத்தராத அந்த மூன்றாவது வருஷத்திலும் விதிவிலக்காக ஒரு சாயங்காலம் வந்தது. பழைய மாடிக் கட்டடம் ஒன்றில் கம்ப்ளெய்ண்ட். சில வீடுகளில் பல்பு கண்ணைக் குத்தும்படி எரிகிறது, சில வீடுகளில் மங்கிக் கிடக்கிறது. ரெண்டு டிவி போய்விட்டது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அப்போது வயசு 26. என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவர், ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நான் எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கிளம்பினேன். அவர் அசையவில்லை. "எந்த வீட்டில் பிரகாசம், எந்த வீட்டில் மங்கல், அதை மட்டும் எழுதிக்கொண்டு வா" என்றார். எழுதிக்கொண்டு வந்தேன். மீட்டரை வைத்தார். கரண்ட் வரும் ஒரு ஃபேஸ் கம்பியில் 310 வோல்ட், இன்னொன்றில் 140. "எங்கே இருக்கு சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை.

மெயினை நிறுத்தினார். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துச் சரிபார்த்தார், அப்புறம் நிறுத்திய இடத்தில் வைத்தார், அப்புறம் மறுபடி கரண்ட் இருக்கிற இடத்தில். நடுவில் டெஸ்டர் செத்திருந்தால் நாமும் செத்திருப்போம் என்பதற்காக அந்த மூன்றாவது சோதனை. பிறகு மூடியைத் திறந்து டார்ச்சை அடித்தார். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியின் முனையில் திருகு தளர்ந்து, கம்பியின் உறை பழுப்பேறிப் பொரிந்து சுருண்டிருந்தது. கருகிய வாடை. தொட்டதும் கம்பி கழன்று கையில் வந்துவிட்டது. நியூட்ரல் விட்டுப்போனால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டில் நிற்க வேண்டிய வீடுகள், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே உள்ள 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கிற வீட்டுக்குப் பங்கு அதிகமாகப் போகும். இதை வகுப்பில் போர்டில் படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அந்தக் கருகல் வாடைக்குப் பிறகுதான் அது எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும்படி ஆனது.

அப்படி ஒரு ஃபால்ட் கேட்ட நாளில் வராது. ஆறு மாசத்துக்கு ஒன்று வரலாம், வராமலும் போகலாம். எர்த் கசிவு, கசிவைக் கண்டால் கரண்டை நிறுத்துகிற ஆர்சிசிபி மழையில் மட்டும் ட்ரிப் ஆவது, ஒரு ஃபேஸ் போய் முனகிக்கொண்டு சூடேறும் மோட்டார், இதெல்லாம் நம் அவசரத்துக்கு வருவதில்லை. ஒரே அச்சில் நூறு வீடு வயரிங் செய்தால் நூறு வீட்டு அனுபவம் என்று நினைக்காதே, ஒரு வீட்டு அனுபவத்தை நூறு தடவை பெற்றதுதான் அது. ரெண்டு வருஷம் கழித்து உன் கையில் சான்றிதழ் இருக்கும். பழைய பேனல் முன்னால் தனியாக நிற்கும்போது அது உதவாது. இன்னொன்று, இளவட்டப் பையன் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவான். நம் வயசில் அதைச் சொல்ல நாக்கு வராது. அதுதான் எனக்கு உன்னைப் பற்றிய ஒரே பயம்.

ஆகவே இரண்டாவது ஆளிடம் போ, ஆனால் அவர் நீட்டிய தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதே. நாலு வருஷத்தைக் காலண்டரால் அளக்க வேண்டாம் என்று கேள். கான்ட்யூட் பைப் வளைப்பது, டிபி கட்டுவது, மெகர் மீட்டர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பது, மோட்டார் இணைப்பு, ஃபால்ட் தேடுவது என்று பிரித்து, ஒவ்வொன்றையும் நீ செய்துகாட்டியதும் அவர் ஆள் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை கையெழுத்து சேர்ந்தால் சம்பளம் அடுத்த படிக்கு ஏறும் என்று எழுத்தில் வாங்கு. முதல் படி எட்டு மாசத்தில் முடிந்தால் எட்டாவது மாசமே ஏறட்டும். ஃபால்ட் தேடுவது மூன்றரை வருஷம் ஆனாலும் ஆகட்டும், அதற்கு நீயும் மல்லுக்கட்டாதே. வகுப்பில் கணக்குப் பகுதி உனக்குத் தேவையில்லை, 14 வருஷம் ப்ராஜெக்ட் கணக்கு எழுதியவள் நீ, டிராயிங் பார்த்து மெட்டீரியல் எடுக்கவும் தெரியும். பரீட்சை எழுதிக்காட்டிவிட்டு அந்த மணி நேரத்தைக் கழிக்கச் சொல்லலாம். சின்ன வயசில் எனக்கு டார்ச் பிடித்ததை மட்டும் அனுபவம் என்று கணக்கில் சேர்த்துவிடாதே, சிரிப்பார்கள்.

தொடக்கச் சம்பளத்தில் அவரால் ரொம்ப இறங்கிவர முடியாது. முதல் ஆறு மாசம் உன்னால் அவருக்கு வரவைவிடச் செலவுதான் அதிகம், உன் பக்கத்தில் நிற்கிற எலக்ட்ரீஷியனின் நேரம் பாதி உனக்கே போகும். வயதுக்காக மட்டும் கூடக் கொடு என்றால், அடுத்த முறை வயதானவர் யாரையும் சேர்க்கவே மாட்டார். ஆரம்பம் குறைவாக இருக்கட்டும், ஏற்றம் செங்குத்தாக இருக்கட்டும். வேறு சில்லறை விஷயங்களில்தான் காசு ஒளிந்திருக்கும். வகுப்புக்குப் போகிற நாளுக்குச் சம்பளம் உண்டா, கைக்கருவிகள் யார் செலவு, தூரத்து சைட்டுக்குப் போய்வர யார் கொடுப்பது, இதெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாசக் கடைசியில் கணிசமாக வரும். ஒரு எலக்ட்ரீஷியனுக்கு எத்தனை அப்ரண்டிஸ் என்றும் கேள். ஒருவர் தலையில் ஐந்து பேரைக் கட்டியிருந்தால், உனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை என்று அர்த்தம்.

ஒன்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. உன்னோடு 18 வயசுப் பையன் ஒருவன் சேர்வான். கேபிளைப் பெட்டியில் இறுக்க நீ போடுகிற அதே கிளாண்டை அவனும் போடுவான், ஒருவேளை உன்னைவிட வேகமாக. உனக்குக் குழந்தைகள் இருப்பதால் கூடுதல், அவனுக்கு இல்லாததால் குறைவு என்றால் அவனுக்குக் கசக்காதா? என்னோடு இருந்த 17 வயசுப் பையனிடம் நான் இதைக் கேட்டதே இல்லை. படிப்படியாக ஏறும் சம்பளத்தை நீ கேட்கும்போது, அவனுக்கும் சேர்த்துக் கேட்டுவிடு. அப்படிக் கேட்டால் முதலாளியும் இதை உனக்கு மட்டும் காட்டும் தயவாகப் பார்க்கமாட்டார்.

முழங்காலைப் பார்த்துக்கொள். சுவரடி பாயிண்ட்டுக்கு மண்டியிட்டு வேலை செய்யும்போது கீழே ஒரு பழைய ரப்பர் பாயை மடித்துப் போட்டுக்கொள், எனக்கு இந்தப் புத்தி 50 வயசில்தான் வந்தது. மாப்பிள்ளையிடம் முதல் ஒன்றரை வருஷக் கணக்கை உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுப் போ, நடுவில் பேச முடியாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பு. முதல் பக்கம் எனக்கு வேண்டாம். பயிற்சி எப்போது முடிந்ததாகக் கருதப்படும், அதை யார் சொல்வார் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கிற பக்கம் மட்டும் போதும்.

அன்புடன்,
அப்பா