மண்டபத்தில் உயர்ந்த கை

நீடாமங்கலம்
தை 5

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே தாளடி நெல் பால் பிடிக்கும் நேரம். வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள் என்பதால் ஊரே தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது.

போன வாரம் கோயில் மண்டபத்தில் கூட்டம். வாய்க்கால் தொடங்கும் தலைமடைக்கு நான்கு நாள், அது முடியும் கடைமடைக்கு ஒரு நாள் என்று தண்ணீருக்கு முறை வைத்தார்கள். அன்று காலையில்தான் கடைமடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒரு நாள் தண்ணீர் வாய்க்காலை நனைக்கவே சரியாகிவிடும். ‘எல்லாருக்கும் சம்மதம்தானே?’ என்றதும் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு கையாக உயர்ந்தது. என் கையும் உயர்ந்துவிட்டது. இத்தனை பேர் ஒத்துக்கொள்ளும்போது நான் பார்த்ததுதான் தப்போ என்று அந்த நேரத்தில் உண்மையாகவே தோன்றியது.

1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை நினைவிருக்கிறதா? ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்து மூன்று கோடுகளில் அதன் நீளத்துக்குச் சமமானது எது என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட இருந்தவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னபோது, விவரம் தெரியாமல் சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அதையே தாங்களும் சொன்னார்கள். பிறகு விசாரித்தால், தனித்துத் தெரியக் கூசியதாகச் சிலர் சொன்னார்கள். தங்கள் கண்ணையே சந்தேகித்ததாகச் சிலர். நான் இந்த இரண்டாம் வகை. அந்தச் சோதனையில் கூட இருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அப்படி இணங்குவது பெரிதும் குறைந்துவிட்டது.

அதை மண்டபத்திலேயே கண்டேன். பின்னால் நின்ற டிராக்டர் ஓட்டும் பையன், என்னிடம் படித்தவன், ‘ஒரு நாள் போதாதுங்க ஐயா’ என்றான். உடனே என் கை தாழ்ந்தது. எழுந்து, பார்த்ததைச் சொன்னேன். எனக்குப் பின் இன்னும் நாலைந்து பேர் பேசினார்கள். முடிவில் இரண்டு நாள் தருவதாயிற்று. அவன் முந்திப் பேசும்படி நான் உட்கார்ந்திருந்தேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆஷின் சோதனையில் விடையைத் தாளில் எழுதச் சொன்னபோதும் தவறு குறைந்திருக்கிறது. அதனால் அடுத்த கூட்டத்தில் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறேன். யோசிப்போம் என்றிருக்கிறார்கள்.

நேற்றிரவு கடைமடையில் தண்ணீர் ஏறியது. டார்ச் லைட்டுடன் வரப்பில் நின்றேன். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்புடன்,
உன் நண்பன்