வெங்காயம் அழுகிய கதைக்குப் பதில்

தம்பலகாமம்,
ஆவணி.

அன்பின் மச்சான் சிவா,

நலம், நலமறிய ஆவல். இத்தனை வருஷம் கழித்து நீ ஊரோடு வந்து சேர்ந்தது பெரிய சந்தோஷம். நிலாவெளித் தோட்டத்துக்கே போய் வாங்கிய பத்துக் கிலோ சின்ன வெங்காயம் மூன்று கிழமைக்குள் பாதி அழுகிவிட்டது, தோட்டக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று எழுதியிருந்தாய். ஏமாற்றவில்லை மச்சான். அன்று கிண்டிய வெங்காயத்தை அன்றே சாக்கில் கட்டியதுதான் பிழை. தோட்டத்தில் வாங்கினால் எல்லாம் பச்சையாக, புதிதாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறாய். கீரைக்கு அது சரி. வெங்காயம், பூசணி, அரிசி மூன்றும் இருந்து பழகவேண்டிய சாமான்கள்.

வெங்காயத்துக்குக் கிண்டுமுன்பே சில நாள் தண்ணீரை நிறுத்துவார்கள். கிண்டியபின் தாளோடு நிழலில், காற்றுப்பட, ஒரு கிழமையாவது கிடக்கவேண்டும். அப்போதுதான் கழுத்துச் சுருங்கி மூடும். மூடாத கழுத்து வழியாகத்தான் பூஞ்சணம் உள்ளே இறங்கும். வாங்கும்போது கழுத்தைப் பெருவிரலால் நசுக்கிப் பார். மெத்தென்று ஈரமாக இருந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதே. தாளை வறையாக்கி, வெங்காயத்தை இரண்டு கிழமைக்குள் கறிக்கு முடித்துவிடு. கழுத்துத் தடித்திருந்தால் பெரும்பாலும் கடைசி நேரத்தில் யூரியா கூடிவிட்டது என்று அர்த்தம். அதுதான் முதலில் அழுகும். சேமிக்க வேண்டுமானால் தோல் சரசரக்கும், பிடியாகக் கட்டிய வெங்காயத்தைக் கேள். கிலோவுக்கு விலை கூடச் சொல்வார்கள். அதில் பேரம் பேசாதே, உலரும்போது குறைந்த நிறையைத்தான் அவர்கள் விலையில் ஏற்றுகிறார்கள். குசினி வளையில் பிடிபிடியாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். சீமெந்துத் தரையில் சாக்கோடு வைத்தால் அடியில் வியர்த்து, ஒன்று அழுகி, அது பத்தைக் கெடுக்கும்.

பூசணிக்கும் இதே கணக்குத்தான். காம்பு காய்ந்து தக்கை போல இருக்கவேண்டும், தோலில் நகம் இறங்கக்கூடாது. காம்பு இரண்டு அங்குலமாவது இல்லாத காயை வைக்க எடுக்காதே, ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். இரண்டு கிழமை இருந்த பூசணி, பறித்த அன்று சமைத்ததைவிட இனிக்கும். உள்ளே மாப்பொருள் சீனியாக மாறுகிறது. வெட்டிய துண்டென்றால் விதையையும் சோற்றியையும் வழித்துவிட்டு வை, மூன்று நாளைக்குள் முடி.

கீரையில்தான் அவசரம். பொன்னாங்காணி, வல்லாரை, முளைக்கீரை எதுவானாலும் விடியற்காலையில் வாங்கி அன்றே சமை. வெட்டுவாயைப் பார்த்து ஏமாறாதே; நேற்றைய கட்டையும் நுனி நறுக்கித் தண்ணீர் தெளித்தால் இன்றையது போலிருக்கும். கட்டைப் பிரித்து நடுவில் உள்ள அடி இலைகளைப் பார். மஞ்சளோ வழவழப்போ அங்கேதான் முதலில் தெரியும். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரநிலத்தில் வருபவை, ஆகவே எந்த வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கியது என்று கேட்பதில் வெட்கப்படாதே. நகரத்துக் கழிவுநீர்க் கான் ஓரத்துக் கீரையை எத்தனை தரம் கழுவினாலும் எனக்கு மனம் ஒப்பாது.

பயிற்றங்காயில் விதை புடைத்திருந்தால் முற்றல். வெண்டிக்காய் நுனி சட்டென்று ஒடியவேண்டும். கத்தரியில் ஓட்டை இருந்தால் மருந்தடிக்காதது என்று சொல்வார்கள், நம்பாதே. அது புழு தின்றுவிட்டு வெளியேறிய வாசல். மருந்து அடித்த தோட்டத்திலும் அந்த ஓட்டை இருக்கும். “கடைசியாய் மருந்தடிச்சு எத்தனை நாள்?” என்று நேரே கேள். ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை நாள் பொறுத்துப் பறிக்கவேண்டும் என்பது போத்தல் லேபலிலேயே உண்டு. நாளைக் கணக்காகச் சொல்லும் தோட்டக்காரரை விட்டுவிடாதே. காயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியதில் ஒரு பங்கு போகும், உள்ளே ஊறியது போகாது.

றோட்டோரக் கடைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். மேசையில் கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் ஒரே அளவில் அடுக்கியிருந்தால் அது தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து லொறியில் வந்த மலைநாட்டு மரக்கறி. அதில் குற்றமில்லை, எங்கள் வெக்கையில் அவை சரியாக விளையா. ஆனால் “தோட்டத்துச் சாமான்” என்று விலை கூட்டினால் நகர்ந்துவிடு. தோட்டக்காரரின் சொந்தத் தட்டில் மூன்று நாலு வகைதான் இருக்கும். காய்கள் கோணலும் மாணலுமாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழை இறங்கியபின் கீரையும் தக்காளியும் அழுகும், விலை ஏறும். அப்போது மரவள்ளியும் சாம்பல் வாழைக்காயும்தான் கைகொடுக்கும். மரவள்ளி கிண்டி இரண்டு நாளில் உள்ளே நீலக்கோடு ஓடத் தொடங்கும், ஆகவே வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்கு. நன்றாகத் தோல் சீவி, துண்டாக்கி, பாத்திரத்தை மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடு.

தயிர் சட்டியில் வாங்கு, பிளாஸ்ரிக்கில் வேண்டாம். மண் சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் எருமைத்தயிர் இன்னும் இறுகும். கரண்டியால் வெட்டிய இடம் சுவர் மாதிரி நிற்கவேண்டும்.

இனி அரிசி. இங்கே சிறுபோக வேளாண்மை வெட்டு நெருங்கிவிட்டது. புது நெல்லரிசி குழையும். புக்கைக்கு, அதாவது பொங்கலுக்கு, நல்லது; சோற்றுக்கு மூன்று நாலு மாதம் பழகவேண்டும். தவிடு போகாத சிவப்பரிசியோ நேர்மாறு: தவிட்டு எண்ணெய் காறிப்போகும், ஆகவே மாதத்துக்கு மேல் வைக்காதே. இரண்டுக்கும் வழி நெல்லாகவே வைத்து, தேவைக்கு மில்லில் குத்துவதுதான். நூறு கிலோ நெல்லுக்கு அறுபத்தைந்து கிலோ அரிசி வரையில் எதிர்பார்க்கலாம். நெல்மணியைக் கடித்தால் “கடக்” என்று ஒடியவேண்டும்; நசிந்தால் காயவில்லை, சாக்குக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

எத்தனை மூடை நெல் எடுத்துவைக்க வேண்டும், சிவப்பா வெள்ளையா என்று இரண்டு கிழமைக்குள் எழுது. வெட்டு முடிந்ததும் களத்து விலைக்கு வாங்கிவிடலாம். பிந்தினால் லொறிக்காரர் ஏற்றிவிடுவார்கள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராசா