ஆக்கிரமிப்பு மட்டும்தானா பிரச்சினை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை முன்னேற்பாடுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தூர்வாரிய கால்வாய்கள், புதிய மழைநீர் வடிகால்கள், தயாராக நிற்கும் பம்புகள், படகுகள் என எல்லாம் விவரமாக இருந்தன. ஆறு பெருகினால் எதுவரை வரும், அந்த இடத்தில் இப்போது என்ன கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்லவில்லை. அரசு தரும் அறிக்கைகளிலேயே அது இருப்பதில்லை.

வடிகால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் சென்னையில் அந்த வடிகால்கள் பலவும் போய் விழுவது அடையாற்றிலோ கூவத்திலோதான். ஆறே கரை தட்டி ஓடும்போது வடிகால் நீர் அதில் இறங்காது. தாழ்வான தெருக்களில் எதிர்த்துக்கொண்டு மேலே ஏறும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது சரியா தவறா என்று இன்றுவரை சண்டை போடுகிறோம். ஏரிக்குக் கீழே அடையாறு அகன்று ஓடவேண்டிய நிலத்தில் இத்தனை வீடுகள் எப்படி வந்தன என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டால் வரும் பதில் ஆக்கிரமிப்பு. அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே! ஏரிகளுக்கு 2007-ம் ஆண்டுச் சட்டம், மற்ற அரசு நிலங்களுக்கு 1905-லிருந்தே ஒரு சட்டம். பொக்லைன் வரும், ஆற்றோரக் குடிசைகள் போகும். சரி, அப்புறம்? ஆற்றுப் புறம்போக்கின் எல்லையோடு வெள்ளம் நின்றுவிடுவதில்லை. அதைத் தாண்டி அது பரவுவது பட்டா நிலத்தில். நஞ்சையாக இருந்தவரை அங்கே சில நாள் தண்ணீர் நின்றால் பயிர் போகும், அவ்வளவுதான். அதையே மனையாகப் பிரித்து, அப்ரூவலும் வங்கிக் கடனும் வாங்கி வீடு கட்டியவரை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல முடியாது. தாளில் ஒரு தப்பும் இருக்காது. வில்லங்கச் சான்றிதழில் 30 வருட விற்பனை, அடமானம் எல்லாம் வரும். கடைசி வெள்ளத்தில் அந்த மனையில் எத்தனை அடி நின்றது என்பது வராது.

இதற்கென்றே மத்திய அரசு 1975-ல் ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆற்றோர நிலத்தை அளந்து, எங்கே கட்டவே கூடாது, எங்கே நிபந்தனையோடு கட்டலாம் என்று மண்டலம் பிரித்து அறிவிக்கச் சொல்லும் சட்டம். மருத்துவமனையும் மின்நிலையமும் நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு, அதாவது சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை வெள்ளம் எட்டும் உயரத்துக்கு, மேலே. வீடுகள் 25 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அடிக்கடி நீர் வரும் இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2008 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. இதைச் சட்டமாக்கிய மாநிலங்கள் என்று மத்திய அரசு சொல்லிவரும் பெயர்கள் மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட், பழைய ஜம்மு காஷ்மீர். தமிழ்நாடு அதில் இல்லை. சட்டம் போட்ட மாநிலங்களிலும் நிலத்தில் எல்லை குறிக்கும் வேலை முழுமையாக நடக்கவில்லை என்பது வேறு கதை.

நூறாண்டு வெள்ளம் என்றதும் இனி நம் காலத்தில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 20 ஆண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். (கடன் கொடுக்கும் வங்கிகளாவது இதை யோசித்திருக்கலாம்.) அதுவும் பழைய மழைக் கணக்கை வைத்து. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய பிறகு அந்தக் கணக்கை எவ்வளவு நம்புவது?

சட்டம் வராததற்குக் காரணம் பெரிய ரகசியமில்லை. வெள்ளம் வரும் இடம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டால் நிலத்தின் விலை விழும். எந்தக் கட்சியும் இதில் கை வைக்கத் தயங்கும். இருக்கும் வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை; புதிய மனைப்பிரிவு அனுமதியையாவது நிறுத்தலாம். சுற்றியிருப்பவர்கள் விற்றுவிட, விவசாயம் செய்துகொண்டிருந்த பாவத்துக்கு ஒருவர் நிலம் மட்டும் விலைபோகாமல் நிற்பதும் நியாயமில்லை. அவருக்கு ஈடு கொடுக்கும் வழியைச் சட்டத்திலேயே வைக்க வேண்டும்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் எந்தத் தெருவரை தண்ணீர் வந்தது என்று அங்கிருப்பவர்கள் கை காட்டிச் சொல்வார்கள். ஆனால் சுவரில் படிந்த கறை அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரைதான். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஆட்சியர் அலுவலகங்களில் அந்த வெள்ள மட்டத்தைச் சர்வே எண் வாரியாகப் பதிவு செய்தார்களா, செய்திருந்தால் மனை வாங்கப் போகிறவர் அதை எங்கே பார்க்கலாம் என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்