சண்முகத்துக்கு: உன் ரிப்போர்ட்டும் உன் இடுப்பும்

பாளையங்கோட்டை

அன்புள்ள சண்முகம்,

இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்த ரத்த ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாய். கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 78 என்று வட்டம் போட்டு, "பாஸாகிட்டேன்டா" என்று வேறு எழுதியிருக்கிறாய். சந்தோஷம்தான். ஆனால் ஆயுசு முழுக்க லேபில் கிடந்தவன் நான். என் கண் அடுத்த வரிகளுக்குத்தான் போகிறது. டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 260, ஏறிக் கிடக்கிறது. நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 32, இறங்கிக் கிடக்கிறது. எல்.டி.எல்.லைக் குறைத்தது மாத்திரை. மற்ற இரண்டிலும் உன் தொப்பையின் கைவரிசை தெரிகிறது.

கை கால் குச்சியாக இருக்கிறதே, எடை 66 கிலோதானே என்று சண்டைக்கு வராதே. பூனாவின் யாஜ்னிக், லண்டனின் யட்கின் என்ற இரண்டு டாக்டர்கள் 2004-இல் தங்கள் உடம்பையே ஸ்கேன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களுக்குத் தராசு பொய் சொல்லும், இன்ச் டேப் சொல்லாது.

விஷயம் இதுதான். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பை விட, குடலைச் சுற்றிப் படிந்த கொழுப்புதான் மோசம். அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் தள்ளிவிடுகிறது. அப்படி ரத்தத்தில் டிரைகிளிசரைடு மிதமிஞ்சினால் எச்.டி.எல். சீக்கிரம் அழிகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து இறுகிப் போகின்றன. ஒரு மூட்டை அரிசியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினால் எடை அதேதான், பொட்டலம் மட்டும் கூடிவிடும் இல்லையா? உன் 78-ம் அப்படித்தான். ரத்தக்குழாய்ச் சுவரில் நுழைவது பொட்டலங்கள்தான்.

இன்னொன்று, அந்த 78-ஐ உன் லேப் அளந்திருக்கவே இல்லை என்று நினைக்கிறேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 162-இல் எச்.டி.எல். 32-ஐக் கழி. டிரைகிளிசரைடு 260-ஐ 5-ஆல் வகுத்து வரும் 52-ஐயும் கழி. சரியாக 78 வருகிறது பார். 1972-லிருந்து புழங்கும் கணக்கு இது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இது செல்லாது. அந்த மாதிரி ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரமே பால் மாதிரி வெளுத்து நிற்கும், நிறையப் பார்த்திருக்கிறேன். நீ பார்க்க வேண்டியது 162-இல் 32 போக மிச்சம் நிற்கும் 130-ஐ, கெட்ட கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இருதயக்காரருக்கு அது 100-க்கும் கீழே இருக்க வேண்டும். டாக்டரிடம் இதைக் கேள், முடிந்தால் அந்தப் பொட்டலங்களின் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ-பி டெஸ்ட்டையும் கேள். மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே.

தொப்பையை உறிஞ்சி எடுத்துவிடலாமே என்று உன் மருமகன் சொன்னானாமே! அமெரிக்காவில் அதையும் பார்த்துவிட்டார்கள். பெண்களுக்குச் சுமார் பத்துக் கிலோ கொழுப்பை எடுத்தும் ரத்தக் கொழுப்பில் மாற்றமில்லை. உறிஞ்சியது தோலுக்கு அடியில் இருந்ததை. உள்ளே இருப்பது நடந்தால், சாப்பாட்டைக் குறைத்தால்தான் கரையும். உன் விஷயத்தில் ராத்திரிச் சோற்றையும், சாயங்கால முறுக்கையும், சனிக்கிழமை சமாசாரத்தையும் குறைத்தாலே டிரைகிளிசரைடு இறங்கும். எண்ணெயை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு மூன்று தட்டு சோறு தின்கிறவன் நீ, எனக்குத் தெரியும்.

பேண்ட் சைஸைச் சொல்லி ஏமாற்றாதே, நாமெல்லாம் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறவர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளந்து பார். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். என்னுடையது 94. என் வீட்டுக்காரி இப்போது சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துக்குத் துரத்திவிடுகிறாள்.

மகள் ஆவணியில் குழந்தையோடு வருகிறாள். முடிந்தால் நீயும் தங்கச்சியும் ஒரு நடை வந்து போங்கள். உன் அளவை எழுது.

உன்,
பாலு

பி.கு.: அடுத்த ரத்தம் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி கல்யாண வீட்டுச் சாப்பாடு வேண்டாம்.